வீட்டில் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிக்கு உரிமம் கொடுக்கலாமா? வீட்டுப் பிரசவத்தில் கண்ணால் கண்டதைப் பகிருங்கள்

கிராம செவிலியர், புவனகிரி பக்கம்:
பிள்ளை பிறந்து அரைமணி ஆகியும் நஞ்சு (கருப்பையில் பிள்ளையோடு இருந்த நஞ்சுக்கொடி) விழவில்லை. பிரசவம் பார்த்த மருத்துவச்சி அம்மா தொப்புள்கொடியைக் கையில் சுற்றி இழுக்கிறார். மறக்கவே முடியாத காட்சி அது. கருப்பை சுருங்குவதற்கு முன் இழுத்தால் கொடி அறுந்துபோகும், இல்லையென்றால் கருப்பையே உள்பக்கமாகப் புரண்டு வெளியே வரும். அப்புறம் ரத்தத்தை நிறுத்துவது பெரும்பாடு. பிள்ளை பிறந்ததும் உள்ளே இன்னொன்று இல்லை என்று வயிற்றைத் தொட்டுப் பார்த்து, ஒரு நிமிடத்துக்குள் கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் ஊசி 10 யூனிட் தொடையில் போட்டிருக்க வேண்டும். அந்த அம்மாவிடம் ஊசியும் இல்லை, போடும் உரிமையும் இல்லை. உரிமம் கேட்பது அதற்குத்தான்.

லேபர் வார்டு, புதுச்சேரி:
அக்கா, ஊசி மட்டும் போதாது. ஆக்சிடோசின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் கிடந்தால் வீரியம் குறையும், போட்டும் ரத்தம் நிற்காது. தடுப்பூசி கொண்டுபோகும் ஐஸ் பெட்டி கட்டாயம். அது முடியாத இடத்தில் அதே வேலையைச் செய்யும் மிசோப்ரோஸ்டால் 200 மைக்ரோகிராம் மாத்திரை மூன்று, வாய்வழியாக, பிள்ளை பிறந்த பிறகுதான். முன்னால் கொடுத்தால் கருப்பையே கிழியலாம்.

என் கண்ணில் நிற்பது நீலம் பாரித்த பிள்ளை. தலைகீழாகப் பிடித்து முதுகில் அடித்தார்கள். செய்திருக்க வேண்டியது: துடைத்து, ஈரத்துணியை மாற்றி, முதுகைத் தேய்ப்பது. மூச்சு வரவில்லையா, ஒரு நிமிடத்துக்குள் பை-மாஸ்க் (முகத்தில் பதித்து, பையை அமுக்கிக் காற்று ஊட்டுவது), நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை. மார்பு எழும்பவில்லை என்றால் மாஸ்க் சரியாகப் பதியவில்லை அல்லது தலை சரியாக நிமிரவில்லை. தாய்க்கு ஒருவர், பிள்ளைக்கு ஒருவர் இல்லாமல் இது நடக்காது.

கடலூர் முதுநகர்:
இரண்டு பேரும் மருந்தையே பேசுகிறீர்கள். கிள்ளை பக்கம் ரோட்டில் மழைத்தண்ணீர், 108 அந்தக் கரையில் நிற்கிறது, வலியோடு இருந்தவரை நாற்காலியில் வைத்துத் தூக்கி வருகிறார்கள். உரிமம் என்ன செய்யும் அங்கே?

இங்கிலாந்தில் 1902லேயே மருத்துவச்சிகளுக்குப் பதிவுச் சட்டம் வந்துவிட்டது. அங்கே 2011ல் வந்த ஆய்வு, சிக்கல் குறைந்த தாய்மாரை மட்டும் எடுத்துப் பார்த்தது. இரண்டாம் பிரசவத்திலிருந்து வீட்டில் பிள்ளைக்கு ஆபத்து கூடவில்லை. தலைச்சனுக்கு மட்டும் மோசமான விளைவு 1000க்கு 9.3, மருத்துவர் பார்க்கும் வார்டில் 5.3. வீட்டில் தொடங்கிய தலைச்சன் பிரசவங்களில் ஏறக்குறைய 45 சதவீதம் ஆஸ்பத்திரிக்கு மாற வேண்டி வந்தது. வண்டி வாசலுக்கு வரும் ஊரிலேயே இப்படி.

நம் நாட்டில் மருத்துவச்சி சேவைக்கான 2018 வழிகாட்டுதல், பதிவுபெற்ற செவிலியருக்கு 18 மாதப் பயிற்சி கொடுத்து ஆஸ்பத்திரியோடு சேர்ந்த பிரிவில்தான் உட்கார வைக்கிறது. அந்தப் பிரிவுகளை முதலில் நிறையத் திறக்கட்டும். தலைச்சன், இரட்டை, கால் முன்னால் வருவது, முன்பு சிசேரியன், ரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டது, இதில் எதுவும் வீட்டில் வேண்டாம். மழைக்காலத்தில் தேதி நெருங்கினால் நான்கு நாள் முன்பே டவுனில் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

கிராம செவிலியர், புவனகிரி பக்கம்:
தம்பி, டவுனில் சொந்தம் இல்லாதவர்களும் இருக்கிறார்களே. வண்டி ஏறும்போது ஒரு சீட்டாவது கூடப் போகட்டும்: பிள்ளை பிறந்த நேரம், ஊசி போட்ட நேரம், நஞ்சு முழுசாக வந்ததா, சிறுநீர் போனதா, எத்தனை துணி நனைந்தது. ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிட்டால் எப்போதும் குறைத்துத்தான் சொல்வோம். நனைந்த துணிகளையும் பையில் போட்டு அனுப்புங்கள்.