நடுவானில் இன்ஜின் நின்றால் பாலாற்று மணலில் இறக்கலாமா?

குடியாத்தத்தான்:
தம்பி பைலட் பயிற்சியில் சேர்ந்திருக்கிறான், செஸ்னா 172 என்கிற ஒற்றை இன்ஜின் சின்ன விமானம். லீவுக்கு வந்தவன் "இன்ஜின் நின்றுபோன மாதிரி பவரைக் குறைத்துவிட்டு இறங்கிப் பழகுகிறோம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டான், அம்மாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. நிஜமாகவே நம்ம ஊர் மேலே நின்றுவிட்டால் என்ன செய்வார்கள்? பாலாறு பெரும்பாலும் வெறும் மணல்தானே, அதில் இறக்கலாமே? இல்லை பெங்களூரு ஹைவே?

காக்பிட் காட்பாடி:
முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், இன்ஜின் நின்றால் விமானம் கல் மாதிரி விழாது. மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி 65-68 நாட் (மணிக்கு ஏறக்குறைய 120-125 கிலோமீட்டர்) வேகத்தைப் பிடித்துவிட்டால், காற்று இல்லாத நாளில் ஒவ்வொரு 1000 அடி உயரத்துக்கும் ஏறக்குறைய 2.7 கிலோமீட்டர் போகும். 3000 அடியில் இருந்தால் 8 கிலோமீட்டர். ஆளைக் கொல்வது பெரும்பாலும் அதற்கப்புறம் செய்கிற வேலைதான்: எட்டாத இடத்துக்கு எப்படியாவது போய்விடலாம் என்று மூக்கைத் தூக்குவது, வேகம் குறைந்து ஸ்டால் ஆவது, அதாவது இறக்கை விமானத்தைத் தாங்க முடியாமல் போவது. டேக்-ஆஃப் ஆன உடனே நின்றால் ரன்வேக்கே திரும்பப் பார்ப்பதும் அதே கதை. 45 டிகிரி சாய்த்துத் திருப்பினால் ஸ்டால் வேகம் கிட்டத்தட்ட 20 சதவீதம் கூடிவிடும், கீழே உயரமும் இருக்காது. அந்த நேரத்தில் எதிரே இருப்பதில் நல்ல இடமாகப் பார்த்து இறக்க வேண்டியதுதான்.

பாலாற்று மணல் கடைசி வழி. மூக்குச் சக்கரம் புதைந்து விமானம் குப்புறக் கவிழலாம். ஹைவேயில் நடுவில் தடுப்பு, விளக்குக் கம்பம், லாரி. இறக்கை அகலமே 11 மீட்டர், யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, எதிர்காற்றில் இறங்குவது. 50 நாட்டில் தரையைத் தொடுகிற விமானத்துக்கு 10 நாட் எதிர்காற்று கிடைத்தால், மோதும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும்.

பொன்னை விவசாயி:
எனக்கு விமானம் தெரியாது, நிலம் தெரியும். மேலே இருந்து கரும்பு பச்சைக் கம்பளம் மாதிரி தெரியும், ஆனால் ஆள் உயரத்துக்கு மேல். அறுத்த நெல் வயல் காய்ந்திருந்தால் பரவாயில்லை, வரப்பு ஓடுகிற திசையிலேயே இறங்கச் சொல்லுங்கள், குறுக்கே போனால் ஒவ்வொரு வரப்பும் ஒரு இடி. நிலக்கடலை பிடுங்கிய மானாவாரி நிலம் இன்னும் நல்லது. ஆனால் நம்ம பக்கம் கைப்பிடிச் சுவர்கூட இல்லாத பெரிய பெரிய கிணறுகள் இருக்கின்றன, பக்கத்தில் வரும்வரை தெரியாது. மோட்டார் கொட்டகை இருந்தால் அங்கே கரண்ட் கம்பி வரும்.

காக்பிட் காட்பாடி:
அண்ணா, அருமை. கம்பி கண்ணுக்குத் தெரியாது, கம்பத்தைத் தேடு என்றுதான் எங்களுக்கும் சொல்லித் தந்தார்கள். கிணற்றை யாரும் சொல்லவில்லை!

குடியாத்தத்தான்:
சரி, இன்ஜின் எதனால்தான் நிற்கிறது?

காக்பிட் காட்பாடி:
பல நேரம் பெட்ரோல் விஷயம்: தீர்ந்துபோவது, எந்த டேங்கிலிருந்து எடுப்பது என்று தேர்ந்தெடுக்கிற செலக்டர் திருகு தப்பான இடத்தில் இருப்பது, தண்ணீர் கலப்பது. அதனால்தான் கிளம்பும் முன்னால் இறக்கைக்கு அடியில் கண்ணாடிக் கப்பில் கொஞ்சம் பிடித்துப் பார்ப்போம், விமான பெட்ரோலான அவ்காஸ் 100எல்எல் வெளிர்நீலமாக இருக்கும், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக உருண்டு நிற்கும். கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) உள்ள பழைய 172-ல் ஈரக்காற்று நாளில் உள்ளே பனிக்கட்டி கட்டும், வெளியே 25 டிகிரி இருந்தாலும். அதற்குச் சூடான காற்றை அனுப்பும் கார்ப் ஹீட் பிடியை இழுத்தால் உருகிய தண்ணீர் உள்ளே போய் இன்ஜின் முதலில் இன்னும் இருமும், பயந்துபோய் உடனே மூடிவிடக் கூடாது. ஆனால் இதெல்லாம் வேகத்தைப் பிடித்து, இடத்தையும் முடிவு செய்த பிறகு. அப்புறம் 121.5 என்கிற அவசர ரேடியோ அலைவரிசையில் "மேடே" என்று ஆபத்து அழைப்பு. தரையைத் தொடும் முன் பெட்ரோலை அடைத்து, கதவைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும், நெளிந்து மாட்டிக்கொள்ளாமல் இருக்க.

பொன்னை விவசாயி:
எங்கள் நிலத்தில் இறங்கினால் ஊரே ஓடி வருமே, அப்போது என்ன செய்யணும்?

காக்பிட் காட்பாடி:
ஆளை வெளியே எடுங்கள், பீடி பற்றவைக்க விடாதீர்கள், புரொப்பெல்லரைத் தொடவே கூடாது. சாவி அணைந்திருந்தாலும் மேக்னெட்டோவில் (இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் கருவி) கோளாறு இருந்தால் கையால் அசைத்ததற்கே ஒரு சுற்றுச் சுற்றிவிடும். செல்ஃபி எடுக்கிறவர்களைக் கயிறு கட்டித் தள்ளி நிறுத்துங்கள்.