ஆம்ப்ளிஃபயரோடு தனி ஸ்ட்ரீமர் ஒன்றைச் சேர்ப்பது அவசியமா?

திருச்சி ரசிகை:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கூடத்தில் மராண்ட்ஸ் பிஎம்6007 ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களும் ஒரு சிடி பிளேயரும் இருக்கின்றன. சிடி போடாத வேளைகளில், ஆம்ப்ளிஃபயரில் செருகியிருக்கும் சிறிய ப்ளூடூத் ரிசீவர் வழியாக என் கைப்பேசியிலிருந்து ஸ்பாட்டிஃபை கேட்கிறோம். அழைப்பு வந்தால் பாட்டு நின்றுவிடுகிறது. கைப்பேசியோடு மாடிக்குப் போனால் விட்டுவிட்டுக் கேட்கிறது. ரிசீவர் என் கைப்பேசியோடு மட்டுமே இணைந்திருப்பதால், மாலையில் கச்சேரி கேட்க விரும்பும் என் தந்தையார் நான் அலுவலகத்திலிருந்து திரும்பும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.

எங்களிடம் உள்ள கர்நாடக இசை சிடிக்களை ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கும் வடிவம்) கோப்புகளாக மாற்றி ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் சேர்த்திருக்கிறேன். அவற்றையும் கூடத்தில் கேட்க வேண்டும். வீம் ப்ரோ போன்ற ஒரு ஸ்ட்ரீமர், அதாவது வைஃபை வழியாகத் தானே பாட்டைப் பெற்று ஆம்ப்ளிஃபயருக்குத் தரும் பெட்டி, போதுமா, அல்லது அதைப்போலப் பல மடங்கு விலையுள்ள ஒன்றை வாங்கினால்தான் ஒலி மேம்படுமா? கடையில் இரண்டாவதைத்தான் வலியுறுத்துகிறார்கள்.

மின்னிசை:

வணக்கம். ஒலியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் பணம் வீணாகக்கூடிய இடம் அதுதான். பிஎம்6007-க்குள்ளேயே ஏகேஎம் நிறுவனத்தின் ஏகே4490 டாக், அதாவது டிஜிட்டல் எண்களை ஒலி அலையாக மாற்றும் சில்லு, இருக்கிறது. பின்புறத்தில் டிஜிட்டல் எண்களை ஏற்கும் இரண்டு ஆப்டிகல் உள்ளீடுகளும் ஒரு கோஆக்சியல் உள்ளீடும் உள்ளன. ஸ்ட்ரீமரை ஆப்டிகல் கேபிளால் இணைத்தால், அது எண்களை அப்படியே கடத்துகிறதே தவிர ஒலியை உருவாக்குவதில்லை. ஒலி உருவாவது ஆம்ப்ளிஃபயரில் உள்ள டாக்கில்தான். ஆகவே, சிடி தரத்திலான 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் கோப்பு ஒன்றை மாற்றாமல் அனுப்பும் எந்த ஸ்ட்ரீமரும் உங்கள் கூடத்தில் ஒன்றுபோலவே ஒலிக்கும் என்பது என் உறுதியான கருத்து. விலை கூடியவற்றில் நல்ல திரையும் அழகான பெட்டியும் உயர்தர டாக்கும் கிடைக்கும். ஆனால் ஆப்டிகல் வழியாக இணைக்கும்போது அந்த டாக் பயன்படுவதே இல்லை.

ப்ளூடூத்தை விட்டு மாறுவதால் மட்டும் ஒரு நன்மை உண்டு. ஸ்பாட்டிஃபையிலிருந்து ஏற்கெனவே சுருக்கப்பட்டு வரும் ஒலியைக் கைப்பேசி விரித்து, ப்ளூடூத்துக்காக மீண்டும் ஒருமுறை சுருக்கி அனுப்புகிறது. ஸ்ட்ரீமர் நேரடியாக இணையத்திலிருந்து பெறுவதால் அந்த இரண்டாவது சுருக்கம் இல்லாமல் போகிறது. ஒப்பிட்டுப் பார்க்கும்போது இரண்டின் ஒலியளவும் சமமாக இருக்கும்படி கவனித்துக்கொள்ளுங்கள். சற்றே உரக்க ஒலிப்பதையே நம் காது தரமானது என்று எடுத்துக்கொள்ளும். கடைகளில் நடக்கும் ஒப்பீடுகளில் இது பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை.

கோடைவானம்:

மின்னிசை அவர்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் உங்கள் கேள்வியின் உயிர்நாடி ஒலியில் இல்லை, உங்கள் தந்தையார் தாமாகவே பாட்டுக் கேட்க முடியுமா என்பதில் இருக்கிறது. ஸ்பாட்டிஃபை கனெக்ட் முறையில் கைப்பேசி வெறும் ரிமோட்டாக மாறிவிடுகிறது. பாட்டை இணையத்திலிருந்து இறக்குவது ஸ்ட்ரீமரே. அழைப்பு வந்தாலும், கைப்பேசி அணைந்தே போனாலும் கச்சேரி தொடரும். ஒரே வைஃபையில் உள்ள எவரும் தம் கைப்பேசியிலிருந்து அதை இயக்கலாம். இருவரும் ஒரே கணக்கைப் பயன்படுத்தினால் மட்டும், நீங்கள் அலுவலகத்தில் பாட்டைத் தொடங்கும்போது வீட்டில் அவருடையது நின்றுவிடும். அவருக்குத் தனிக் கணக்கு அவசியம்.

இதைப் பணம் செலவழிக்காமலே சோதித்துப் பார்க்கலாம். பயன்படுத்தாத பழைய கைப்பேசி ஒன்றை ஆம்ப்ளிஃபயரின் அனலாக் உள்ளீட்டில் கம்பி வழியாக இணைத்து, சார்ஜரோடு அங்கேயே வைத்துவிடுங்கள். அதில் ஸ்பாட்டிஃபையைத் திறந்து வைத்து, அதே கணக்கு உள்ள மற்றொரு கைப்பேசியிலிருந்து சாதனப் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்தால், அது ஏறக்குறைய ஒரு ஸ்ட்ரீமராகவே இயங்கும். சில வாரங்கள் தந்தையார் அதைக் கையாளட்டும். அவருக்கு அது இயல்பாக வந்தால் வாங்குங்கள். சிடி பிளேயரின் பொத்தானையே அவர் தேடிப் போகிறார் என்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் ஸ்ட்ரீமர் அவருக்கு உதவாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஆம்ப்ளிஃபயர் இருபது ஆண்டுகள் உழைக்கும். ஸ்ட்ரீமரின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் மென்பொருள். கூகுள் 2015-இல் வெளியிட்ட குரோம்காஸ்ட் ஆடியோ என்ற சிறு ஸ்ட்ரீமரின் உற்பத்தி 2019-இல் நிறுத்தப்பட்டது. 2025 மார்ச்சில் ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானதால் உலகெங்கும் அந்தச் சாதனங்கள் சில நாட்கள் செயலிழந்து, நிறுவனம் திருத்தம் அனுப்பிய பிறகே மீண்டன. மாறாக, லாஜிடெக் 2012-இல் கைவிட்ட ஸ்க்வீஸ்பாக்ஸ் ஸ்ட்ரீமர் பெட்டிகள் இன்றும் பல வீடுகளில் பாடுகின்றன. அவற்றுக்குப் பாட்டுகளை அனுப்பும் சர்வர் மென்பொருள் எவரும் எடுத்து மாற்றக்கூடிய திறந்த மூலமாக இருந்ததால், ஆர்வலர்கள் அதை லிரியன் என்ற பெயரில் தொடர்ந்து வளர்த்து வருகிறார்கள். இதனால்தான், சில ஆண்டுகளில் மாற்ற நேர்ந்தாலும் மனம் வருந்தாத விலையில் ஸ்ட்ரீமரை வாங்கிவிட்டு, மிச்சத்தை ஸ்பீக்கருக்குச் செலவிடுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லி வருகிறேன்.

திருச்சி ரசிகை:

இருவருக்கும் மிக்க நன்றி. பழைய கைப்பேசி ஒன்று இருக்கிறது; இந்த வாரமே இணைத்துவிடுகிறேன். ஹார்ட் டிஸ்கை வீம் ப்ரோவில் நேரடியாகச் செருக முடியுமா?

மின்னிசை:

முடியாது. வீம் ப்ரோவில் உள்ள யுஎஸ்பி துளை மின்சாரத்துக்கு மட்டுமே. உங்கள் ரவுட்டரில் யுஎஸ்பி துளையும் டிஎல்என்ஏ வசதியும் (வீட்டு வலையமைப்பில் பாட்டுக் கோப்புகளைப் பகிரும் முறை) இருந்தால் டிஸ்கை அங்கே செருகிவிடலாம். ஸ்ட்ரீமர் அதைக் கண்டுகொள்ளும். இல்லையென்றால், ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் லிரியன் சர்வரை நிறுவி டிஸ்கை அதில் இணைக்கலாம். கணினி அமைப்புகளோடு போராடும் பொறுமை உங்களுக்கு இருந்தால், அதே ராஸ்பெரி பையில் மூட் அல்லது வால்யூமியோ மென்பொருளை நிறுவி, அதையே ஸ்ட்ரீமராகவும் வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டும் வேண்டாம் என்றால், டிஸ்கை நேரடியாக ஏற்கும் வீம் அல்ட்ரா போன்ற மாடலுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது.

எதை வாங்கினாலும், கச்சேரி கேட்கும் குடும்பம் என்பதால் ஒன்றை மறக்காமல் சோதியுங்கள். கச்சேரி சிடிக்களில் ராக ஆலாபனை ஒரு டிராக்காகவும் கீர்த்தனை அடுத்த டிராக்காகவும் பிரிக்கப்பட்டிருக்கும்; ஆனால் தம்பூரா இரண்டையும் கடந்து இடைவிடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். டிராக் மாறும் இடத்தில் அரை நொடி மௌனம் விழுந்தால், ஸ்ருதி அறுந்து, பாடகர் பல்லவியை எடுக்கும் அந்தக் கணம் கெட்டுவிடுகிறது. இடைவெளியின்றி ஒலிப்பது பெட்டியை மட்டுமல்லாமல், எந்தச் செயலியிலிருந்து எந்த வழியில் அனுப்புகிறோம் என்பதையும் பொறுத்தது. ஆகையால் கடைக்குப் போகும்போது உங்கள் கோப்புகளிலிருந்தே அப்படிப்பட்ட இரண்டு டிராக்குகளைக் கொண்டுபோய், வீட்டில் எப்படி இயக்கப் போகிறீர்களோ அதே முறையில் இயக்கிக் கேளுங்கள்.