தவறிய கேள்விகளின் எண்கள் மட்டும் போதும்: மாதிரித் தேர்வுகளைத் திருப்பிப் பார்த்த அனுபவம்

நீட் தேர்வுக்கு இரண்டாம் முறையாகத் தயாரானபோது, முதல் ஆண்டில் எழுதிய மாதிரித் தேர்வுகளின் வினாத்தாள்களை எடுத்து அடுக்கினேன். முப்பதுக்கும் மேல் இருந்தன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் மதிப்பெண்ணைப் பெரிதாக எழுதியிருந்தேனே தவிர, ஏன் தவறினேன் என்ற குறிப்பு ஒன்றில்கூட இல்லை. எழுதிய அன்று மாலையே விடைக்குறிப்பை வைத்துத் திருத்தி, தவறியவற்றுக்கான விளக்கத்தைப் படித்து, 'இவ்வளவுதானா' என்று பக்கத்தைப் புரட்டியிருக்கிறேன். விளக்கத்தைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு படித்தால் எதுதான் புரியாது?

அந்தத் தாள்களில் ஒரு வேதியியல் கேள்வி என்னைத் திடுக்கிட வைத்தது. 25 டிகிரி செல்சியஸில், பத்தின் அடுக்கு மைனஸ் எட்டு மோலார் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலக் கரைசலின் பி.எச். மதிப்பைக் (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; அமிலத்துக்கு 7-க்குக் கீழே இருக்கும்) கேட்டிருந்தார்கள், நான் 8 என்று குறித்திருந்தேன். நீரிலிருந்து வரும் ஹைட்ரஜன் அயனிகளையும் சேர்த்தால் விடை ஏறத்தாழ 6.98. அப்போது 'அயனிச் சமநிலையில் பலவீனம்' என்று முடிவுகட்டி அந்தப் பாடம் முழுவதையும் மறுபடி படித்தது நினைவிருக்கிறது. ஆனால் இரண்டு மாதம் கழித்து எழுதிய தாளிலும் அதே கேள்விக்கு அதே 8! பாடம் எனக்குத் தெரிந்தே இருந்தது. அமிலத்துக்கு 7-க்கு மேல் வருமா என்று ஒரு நொடி நிதானிக்கும் பழக்கம்தான் இல்லை.

அதன்பின் விடைக்குறிப்பை நான் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். தேர்வு எழுதும்போதே, ஐயத்தோடு குறிக்கும் கேள்விகளுக்குப் பக்கத்தில் வினாத்தாளில் ஒரு புள்ளி வைப்பேன். மறுநாள் என் தம்பி விடைகளை ஒப்பிட்டு, தவறிய கேள்விகளின் எண்களையும் புள்ளி வைத்தவற்றின் எண்களையும் கலந்து எழுதித் தருவான். எது சரியான விடை என்று சொல்லக் கூடாது என்பது நிபந்தனை. (இதற்கு அவன் வாங்கிய கூலி தனிக்கதை.) அவற்றை விளக்கம் எதுவும் பாராமல் மீண்டும் போடுவேன். குருட்டாம்போக்கில் சரியாக அமைந்தவையும் இதில் சிக்கிக்கொள்ளும்.

இப்படிச் செய்த முதல் தாளில் 180 கேள்விகளில் 142 சரி, 38 தவறு, மதிப்பெண் 530. அந்த 38-இல் 17 கேள்விகளை மறுநாள் யார் உதவியும் இன்றி நானே சரியாகப் போட்டேன். கிடைக்க வேண்டிய 4, கழிந்துபோன 1 என்று கேள்விக்கு 5 வீதம் கணக்கிட்டால் 85 மதிப்பெண் பாடம் தெரிந்தும் போயிருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை 'தவறான கூற்று எது' என்று கேட்டவை. அன்றுமுதல் 'தவறான' என்ற சொல்லை அடிக்கோடிட்ட பிறகே விடைகளைப் படித்தேன்.

*

மேலே எழுதியவர் தவறிய கேள்விகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். என்னைக் கவிழ்த்தவை சரியாகப் போட்டவை. 180 நிமிடத்தில் 180 கேள்விகள் எனும்போது, ஒரு இயற்பியல் கணக்குக்கு ஆறு நிமிடம் செலவிட்டுச் சரியான விடை கண்டதில் மகிழ என்ன இருக்கிறது? அந்தத் தாளின் கடைசியில் ஐந்து உயிரியல் கேள்விகளை நான் படிக்கவே இல்லை. வீட்டில் படித்துப் பார்த்தபோது நான்குக்கு உடனே விடை தெரிந்தது. அப்போதிருந்து, நேரம் தின்ற கேள்விகளை விடை சரியாக இருந்தாலும் தவறியவற்றோடு சேர்த்தே எழுதிவைக்கிறேன்.