"பிள்ளைக்கா அக்கா வாங்கியிருக்கீங்க?"

பரங்குன்றத்து மகள்:

எனக்கு 46 வயசு. தெற்கு மாசி வீதியில ஒரு ஜவுளிக் கடையில கணக்கு எழுதுறேன். மத்தியானம் சாப்பிட்டு டிபன் பாக்ஸைக் கழுவி வச்சதும் கால் மணி நேரம் கிடைக்கும், அதுல படிப்பேன். போன வாரம் கையில இருந்த புத்தகத்தோட அட்டையில ஒரு டிராகன் படம். பில் போடுற தங்கச்சி பார்த்துட்டு, "பிள்ளைக்கா அக்கா வாங்கியிருக்கீங்க?"ன்னு கேட்டுச்சு. "ஆமா"ன்னுட்டேன். பொய். என் மக பதினொண்ணு படிக்கிறா, அவ அந்த மாதிரிப் புத்தகத்தையெல்லாம் எட்டாப்போட விட்டுட்டா. ராத்திரி அவளுக்கு வாசிச்சுக் காட்ட ஆரம்பிச்சவ நான். அவ நிறுத்தின பிறகும் எனக்கு நிறுத்த முடியல.

அந்தப் பொய் நாலு நாளா உறுத்துது. அதான் இங்க கேக்குறேன்.

சரித்திர நாவல் விஷயமும் அப்படித்தான். எங்க வீட்டுல இருக்கிற பொன்னியின் செல்வன் அஞ்சு பாகமும் அப்பா பைண்டு பண்ணினது. கல்கியில மறுபடி தொடராப் போட்டப்ப வாராவாரம் தாளைப் பிரிச்சு எடுத்து, கோணி ஊசியில தச்சு, பழைய காலண்டர் அட்டையை ஒட்டி, மேல பேனாவால தலைப்பு எழுதியிருப்பார். பன்னெண்டு வயசுல அதை மூணு தடவை படிச்சேன். அப்ப எனக்கு வந்தியத்தேவன்தான் எல்லாம். தஞ்சாவூர்ல சக்கரவர்த்தி முன்னால "அபாயம்"னு கத்திட்டு, கோட்டைத் தளபதி சின்னப் பழுவேட்டரையர் அதட்டினதும் "அபயம்னுல்ல சொன்னேன்"னு சமாளிப்பான் பாருங்க, அந்த இடத்துல வாய்விட்டுச் சிரிப்பேன். அதே அறையில சுந்தர சோழர் கால் முடங்கிப் படுக்கையில கிடக்கிறது என் கண்ணுலயே படல. அவர் பேசுற பக்கம் வந்தா புரட்டிட்டுப் போயிருவேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அப்பாவுக்கு வாதம் வந்துச்சு. வலது பக்கம் இழுத்துருச்சு, பேச்சும் குழறிப்போச்சு. திருமங்கலத்துல இருந்தவரை எங்ககூடக் கூட்டிட்டு வந்துட்டோம். அவர் கட்டில் பக்கத்துல முழிச்சு உக்காந்திருந்த ஒரு ராத்திரி, அந்த முதல் பாகத்தை எடுத்தேன். நாட்டையே ஆள்ற மனுஷன், எந்திரிச்சு வாசல் வரைக்கும் போக முடியல. மூத்த மகன் காஞ்சியில, இளையவன் இலங்கையில. பக்கத்துல ராணி வானமாதேவி மட்டும். நான் சாகசக் கதைன்னு நெனச்ச புத்தகத்துக்குள்ள முப்பது வருஷமா இந்தக் கட்டில் கிடந்திருக்கு.

பெரியவங்களுக்குன்னு எழுதுற நாவலும் படிக்கிறேன், பிடிக்கவும் செய்யுது. ஆனா மனசு முழுசா இறங்குறது மந்திரவாதியும் ராஜாவும் வர்ற கதையிலதான். புது நத்தம் ரோட்டுல கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போனா, கூட ஒரு பிள்ளை இல்லாம சிறுவர் பகுதியில நிக்கக் கூச்சமா இருக்கு. உங்கள்ல யாராச்சும் இப்படிப் படிக்கிறீங்களா? கூச்சத்தை என்ன பண்ணுனீங்க? அடுத்து என்ன படிக்கலாம்?

ஒத்தக்கடைக்காரன்:

வணக்கம்க்கா. மாட்டுத்தாவணியில பழக்கடை வச்சிருக்கேன். கல்லாவுக்குக் கீழ எப்பவும் ஒரு காமிக்ஸ் கிடக்கும். யாரு கேட்டாலும் எனக்குத்தான்னு சொல்லிருவேன்.

எங்க வீட்டு மொட்டைமாடியில நின்னா ஆனைமலை முழுசாத் தெரியும். மதுரையை அழிக்க வேள்வியிலருந்து வந்த யானையைச் சொக்கநாதர் அம்பு விட்டு மலையாக்கினார்னு அம்மாச்சி சொல்லும். அங்கிட்டு நாகமலை, அது பாம்பு. பசுமலை, அது பசு. ஆவணியில புட்டுத்தோப்புக்குப் போயிருப்பீங்க. வந்திக் கிழவிக்காக சாமி கூலியாளா வந்து, உதிர்ந்த புட்டை வாங்கித் தின்னுட்டு, வைகைக் கரையை அடைக்காமப் படுத்துத் தூங்கி, பாண்டியன்கிட்டப் பிரம்படி வாங்குறார். அந்த அடி ராஜா முதுகுலயும் விழுது, ஊர்ல உள்ள அத்தனை உசுரு மேலயும் விழுது. இந்த ஒரு இடத்தைக் கேக்கத்தான் நான் வருஷா வருஷம் போறேன். சாமி விஷயத்தைப் போய்க் கதையோட சேர்க்கிறேன்னு கோவிச்சுக்காதீங்க, நான் கும்பிடுறவன்தான். அந்தக் கூட்டத்துல நரைச்ச தலையைப் பார்த்து யாரும் வயசு கேட்டதில்ல. நம்ம ஊருக்காரங்களுக்கு இது புதுசில்லக்கா.

மேலூர் வாத்தியார்:

அம்மா, நான் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். சுந்தர சோழரைப் பற்றிக் கல்வெட்டில் கிடைப்பது கொஞ்சம்தான். காஞ்சியில் இருந்த பொன்மாளிகையில் அவர் இறந்தார். அதனால் 'பொன்மாளிகைத் துஞ்சிய தேவர்' என்று பெயர். செத்தார் என்று எழுதவில்லை, உறங்கினார் என்று எழுதினார்கள். வானவன்மாதேவி பால்குடிக்கும் பிள்ளையைப் பிரிந்து அவரோடு தீப்புகுந்ததைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு சொல்கிறது. இவ்வளவு சிறிய கையிருப்பிலிருந்து நீங்கள் பார்த்த அந்த நோயாளியின் அறையை ஒருவர் கட்டி எழுப்பியிருக்கிறார். வகுப்பில் நான் வருஷத்தைச் சொன்னேன். அறைக்குள் யாரையும் கூட்டிப் போக என்னால் முடிந்ததில்லை.

மதுரைப் பக்கத்துக்காரனாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிறுவயதில், நாவலில் பாண்டியனுக்காகச் சோழர்மேல் பழிவாங்கக் கிளம்பும் ரவிதாசன் கூட்டம் என்றாலே எனக்கு ஆத்திரம் வரும். ஆனால் சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் தன்னைப் பாண்டியன் தலைகொண்டவன் என்று கல்லில் வெட்டிக்கொண்டான். கொண்டது நம் மன்னன் வீரபாண்டியனின் தலை! ஆதித்தனைக் கொன்றவர்களைக் காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்கள் மனதில் இருந்தது எதுவும் கல்லில் இல்லை. நாவலில் திருப்புறம்பியம் பள்ளிப்படை என்ற சமாதிக் கோயிலில், நள்ளிரவில், ஒரு சின்னப் பையனைச் சிங்காதனத்தில் உட்கார்த்திப் பாண்டியன் என்று முடிசூட்டுவார்களே, முன்பு அதைப் பயத்தோடு படித்தேன். பேரன் பிறந்த பிறகு படித்தபோது, இந்த நேரத்தில் அந்தப் பிள்ளைக்குத் தூக்கம் வந்திருக்குமே என்று இருந்தது.

தல்லாகுளத்து வாசகன்:

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன். சின்ன வயசுல பிடிச்சது எல்லாமே நிக்காது. பழைய புத்தகக் கடையில அம்புலிமாமா ஒரு கட்டு வாங்கி, ஆசையா உக்காந்தேன். பாதிக்கு மேல என்னால முடியல. நல்ல ராஜா, கெட்ட மந்திரி, புத்திசாலிக் குடியானவன், அதே வரிசை. ஏக்கத்துல படிக்கிறதுக்கும் புத்தகத்துக்காகப் படிக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு, அதை நமக்கு நாமே ஒளிக்கக் கூடாது.

ஆனா வேதாளம் நின்னுச்சு. சங்கர் வரைஞ்ச அந்தப் படத்துக்காக மட்டும் இல்ல. ஒவ்வொரு கதையும் ஒரு கேள்வியில போய் முட்டுது. தெரிஞ்சும் சொல்லலைன்னா தலை வெடிச்சுரும், சொன்னா மௌனம் கலைஞ்சு பிணம் முருங்கை மரத்துக்கே போயிரும். விக்கிரமன் சொல்ற தீர்ப்பு பல இடத்துல எனக்கு இப்ப ஒப்பல. புத்தகத்தை மூடி வச்சுட்டு அவன்கூட மனசுக்குள்ள வாதாடிட்டு இருந்தேன். பத்து வயசுல அவன் சொன்னா அதுதான் முடிவு. உங்க சுந்தர சோழரும் இந்த வகைதான், அதனால தாராளமாப் படிங்க. புடிக்காமப் போச்சுன்னா பாதியில விடவும் தயங்காதீங்க.

நத்தம் ரோட்டுப் பொண்ணு:

அக்கா, அந்தச் சிறுவர் பகுதியில நானும் தனியாத்தான் நிப்பேன். கல்லூரியில ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அடுத்து என்னன்னு கேட்டீங்க, எனக்கு உயிரான ரெண்டு சொல்றேன்.

ரோஸ்மேரி சட்கிளிஃப் எழுதின 'தி ஈகிள் ஆஃப் தி நைன்த்'. 1954ல வந்துச்சு, பொன்னியின் செல்வன் தொடர் முடிஞ்ச அதே வருஷம். ரோமானியர் பிரிட்டனை ஆண்ட காலம். மார்கஸ்னு ஒரு இளம் அதிகாரி, காலில் காயம் பட்டுப் படை வாழ்க்கை போயிருது. அவன் அப்பா இருந்த படைப்பிரிவு வடக்க போய்த் திரும்பவே இல்ல. அந்தப் படையோட கழுகுச் சின்னத்தைத் தேடி, தான் விடுதலை பண்ணின அடிமை எஸ்காவோட எல்லைச் சுவரைத் தாண்டிப் போறான். சட்கிளிஃப்புக்குச் சின்ன வயசுலயே மூட்டு நோய், வாழ்நாள்ல பெரும்பகுதி சக்கர நாற்காலியில இருந்தவங்க. மார்கஸ் அந்தக் காலோட படுற பாட்டை எழுதுற இடத்துல அது தெரியும். பிள்ளைங்களுக்கான நாவல்னுதான் பேரு.

இன்னொண்ணு அர்சுலா லெ க்வினோட எர்த்சீ வரிசை. முதல் புத்தகம் 1968. அங்க மந்திரம்னா ஒரு பொருளோட மெய்ப்பேரைத் தெரிஞ்சுக்கிறதுதான். ரெண்டாவதுல டெனார் ஒரு சின்னப் பொண்ணு, இருட்டுக் கல்லறைக்குப் பூசாரி. மூணாவது 1972ல வந்ததோட முடிஞ்சுதுன்னு எல்லாரும் நெனச்சாங்க. பதினெட்டு வருஷம் கழிச்சு, 1990ல 'டெஹானு' வந்துச்சு. அதுல டெனார் புருஷனை இழந்த நடுவயசுக்காரி, தீக்காயம் பட்ட ஒரு பிள்ளையை எடுத்து வளர்க்கிறா. பெரிய மந்திரவாதியா இருந்த கெட் சக்தியெல்லாம் போய் அவ இருக்கிற இடத்துக்கு வர்றான். நான்காவதை அவசரப்பட்டு முதல்ல எடுக்காதீங்க, வரிசையாப் போங்க. அது உங்களுக்கே எழுதினது மாதிரி இருக்கும்.

பரங்குன்றத்து மகள்:

எல்லாருக்கும் நன்றி. சட்கிளிஃப் ஆரம்பிச்சுட்டேன். பில் போடுற தங்கச்சிகிட்டயும் புத்தகம் எனக்குத்தான்னு சொல்லிட்டேன். "கதை என்னக்கா?"ன்னு கேட்டுச்சு, மணி அடிக்கிற வரைக்கும் சொன்னேன்.

இன்னொண்ணு. ஞாயித்துக்கிழமையிலருந்து அப்பாவுக்கு முதல் பாகத்தை வாசிச்சுக் காட்டுறேன். நேத்து ராத்திரி தஞ்சாவூர் கோட்டை வந்துச்சு. படுக்கையில கிடக்கிற சக்கரவர்த்தி வர்ற பக்கத்தை அவர் முன்னால வாசிக்க எனக்குத் தைரியம் வரல. சத்தமில்லாம நாலு தாளைச் சேர்த்துப் புரட்டிட்டு, விட்ட இடம் தெரியாத மாதிரி தொடர்ந்தேன். அப்பா இடது கையைத் தூக்கி என் மணிக்கட்டைப் பிடிச்சார். ஒவ்வொரு தாளாக் கோத்துத் தச்சவர் அவர்தான்ல. "பின்... னாடி"ன்னார்.

திருப்பிட்டு வந்து, அந்தப் பக்கத்துலருந்து வாசிச்சேன்.