டேப்லெட், கணினியோடு சிற்றலை: கேட்டதும் படித்ததும்

மொட்டைமாடி ஆன்டெனா, நாகர்கோவில்

பிபிசி தமிழோசை 2017 ஏப்ரலோடு சிற்றலையை விட்டுப் போனதும், "இனிமே அந்த ரேடியோவை எதுக்கு வச்சிருக்கீங்க?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பேசும் நிலையங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. ஆனால் 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள இடம் காலியாகிவிடவில்லை. பேச்சு போன இடத்தில் தரவு ஓடுகிறது. காதுக்கு வெறும் கிர்ர் என்றும் டுர்ர் என்றும் கேட்பதைக் கணினியிடம் கொடுத்தால் எழுத்தாக வருகிறது, படமாக வருகிறது. அப்படி உங்களுக்குக் கிடைத்ததை இங்கே எழுதுங்கள். முதலில் என்னுடையது.

என்னிடம் இருப்பது ஆர்டிஎல்-எஸ்டிஆர் வி3 டாங்கிள் (கணினியில் செருகினால் அதையே ரேடியோவாக்கும் சின்னக் கருவி), ஒரு பழைய லேப்டாப், மாடியில் இழுத்துக் கட்டிய கம்பி. டாங்கிள் வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இது சிற்றலையை நேரடியாக எண்ணாக்கித்தான் வாங்குகிறது. நொடிக்கு 2.88 கோடி மாதிரி எடுக்கிறது. அதில் பாதியான 14.4 மெகாஹெர்ட்ஸில் ஒரு மடிப்பு விழும். அதற்கு மேலே இருப்பது கீழே கவிழ்ந்து வரும். 15,400 கிலோஹெர்ட்ஸ் நிலையம் 13,400-லும் தலைகாட்டும். பட்டியலில் இல்லாத ஒரு நிலையம் 13 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பலமாகக் கேட்டால், 28,800-இலிருந்து அந்த எண்ணைக் கழித்துப் பாருங்கள். பெரும்பாலும் நிலையத்தின் உண்மையான முகவரி அதுதான்.

இரைச்சல்தான் பெரிய எதிரி. லேப்டாப் சார்ஜர், எல்இடி பல்பு, இன்வெர்ட்டர் எல்லாமே வாட்டர்ஃபாலில், அதாவது சிக்னல்களைப் படமாகக் காட்டும் திரையில், செங்குத்துக் கோடுகளாக வரிசைகட்டி நிற்கும். அதனால் தெருவில் கரண்ட் போகும் நேரம் எனக்கு விசேஷம். வீட்டு இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, பேட்டரியில் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவேன். தெருவே இருட்டானதும் அந்தக் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்து, அடியில் புதைந்து கிடந்த சிக்னல்கள் மெல்லிய கீற்றுகளாக மேலே வரும். அதைப் பார்க்கப் பார்க்க அலுக்காது.

அப்படி ஒரு ராத்திரியில்தான் எச்எஃப்டிஎல் முதன்முதலாகச் சரியாகக் கிடைத்தது. கடல் மேல் பறக்கும் விமானங்கள் தரையோடு சிற்றலையில் பரிமாறிக்கொள்ளும் தரவு அது. பஹ்ரைனில் முஹர்ரக், தாய்லாந்தில் ஹாட்யாய் என்று உலகம் முழுக்கத் தரை நிலையங்கள் உண்டு. ஒவ்வொன்றும் 32 நொடிக்கு ஒருமுறை தான் இருப்பதை அறிவிக்கும். லினக்ஸில் டம்ப்எச்எஃப்டிஎல் என்ற மென்பொருளை ஓடவிட்டேன். கொஞ்ச நேரம் ஹாட்யாய் மட்டும் வந்தது. அப்புறம் ஒரு வரி: விமான எண், அட்சரேகை, தீர்க்கரேகை. வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் மாலத்தீவுக்கும் தெற்கே, நடுக்கடலில். விமானம் காட்டும் செயலிகள் தரையில் உள்ள ரிசீவர்களை நம்பியிருப்பதால், கரையை விட்டு வெகுதூரம் போன விமானம் பல நேரம் அவற்றில் தெரியாது. நாகர்கோவில் மொட்டைமாடியில் கிடந்த கம்பிக்கு அது தெரிந்தது.

பழைய நேயர், ஈரோடு

வணக்கம். என்னிடம் டாங்கிள் இல்லை. எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்க அலையை மட்டும் வாங்கும் வசதி) உள்ள ஒரு கையடக்க ரேடியோ, பேரன் விட்டுப்போன ஆண்ட்ராய்டு டேப்லெட், அவ்வளவுதான். இரண்டையும் இணைக்க வயர்கூட இல்லை. ரேடியோவின் ஸ்பீக்கர் பக்கத்தில் டேப்லெட்டின் மைக்கை வைத்துவிட்டு மின்விசிறியை நிறுத்திவிடுவேன்.

எனக்குப் பிடித்தது ஷார்ட்வேவ் ரேடியோகிராம். கிம் ஆண்ட்ரூ எலியட் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் 2013-இல் தொடங்கிய நிகழ்ச்சி இது. 2017-இல் அவர் ஓய்வு பெற்ற பிறகு தனியார் நிலையங்களில் தொடர்ந்தார். சாதாரண ஏஎம் ஒலிபரப்புக்குள்ளேயே எம்எஃப்எஸ்கே என்ற முறையில், பல சுரங்களாக மாற்றப்பட்ட செய்தியும் படமும் வரும். எஸ்எஸ்பி கூடத் தேவையில்லை. கணினியில் எஃப்எல்டிஜி என்ற மென்பொருள், டேப்லெட்டில் ஆண்ட்எஃப்எல்எம்எஸ்ஜி என்ற செயலி இருந்தால் போதும்.

ஒருநாள் ஒலி தேய்ந்து தேய்ந்து, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்குப் போய்விட்டது. யாராவது பேசியிருந்தால் ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது. அந்த நேரத்திலும் டேப்லெட்டில் எழுத்து வரிவரியாக, பிழையில்லாமல் வந்துகொண்டிருந்தது. படம் வரும்போதுதான் தேய்வு தெரிந்தது. மேலிருந்து கீழே மெதுவாக இறங்கிய படத்தில், சிக்னல் சரிந்த இடத்தில் மட்டும் புள்ளி புள்ளியாக ஒரு பட்டை. இத்தனை வருடம் காதால் கேட்ட தேய்வை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

எஸ்எஸ்பி ரேடியோ மட்டும் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். வால்மெட் கேளுங்கள். விமானிகளுக்கான வானிலை அறிக்கை, ஆங்கிலத்தில் வாசிப்பார்கள். 6676, 11387 கிலோஹெர்ட்ஸ், எஸ்எஸ்பியில் அப்பர் சைட்பேண்ட் (மேல் பக்க அலை). ஒரே அலைவரிசையை ஊர்கள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்கின்றன. மணி தாண்டி 10, 40 நிமிடத்தில் பாங்காக், 15, 45-இல் கராச்சி, 20, 50-இல் சிங்கப்பூர், 25, 55-இல் மும்பை. இன்றைக்கு எந்தத் திசை திறந்திருக்கிறது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் டேப்லெட்டையே எடுப்பேன்.

வடக்கன் காற்று, யாழ்ப்பாணம்

ஈரோட்டு ஐயா சொன்ன மைக் முறை நல்லதுதான். ஆனால் வீட்டில் ஆட்கள் கதைத்தால் எல்லாம் கெட்டுவிடும். வயர் செய்வது பெரிய வேலை இல்லை. இப்போதைய டேப்லெட்களில் பெரும்பாலும் நான்கு பகுதி ப்ளக்தான்: நுனி இடது ஒலி, அடுத்த வளையம் வலது, மூன்றாவது கிரவுண்ட், அடிப்பகுதி மைக். ரேடியோவின் ஒலி மைக் எதிர்பார்ப்பதைவிடப் பல மடங்கு பலமானது, ஆகவே நேராகக் கொடுக்கக்கூடாது. நான் 47 கிலோ ஓம் ரெசிஸ்டரும் அதற்குத் தொடராக 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் போட்டு மைக்குக்குக் கொண்டுபோனேன். டேப்லெட் மைக்குக்கென்று அனுப்பும் டிசி மின்னழுத்தம் ரேடியோவுக்குப் போகாமல் அந்தக் கெபாசிட்டர் தடுக்கும். மைக்குக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 2.2 கிலோ ஓம். அது இல்லையென்றால் வெளி மைக் ஒன்று செருகியிருப்பதே டேப்லெட்டுக்குத் தெரியாமல் போகலாம்.

நான் கூடுதலாகக் கேட்பது எஃப்டி8, ஹாம்கள் (பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள்) கணினி வழியாகக் குறுஞ்செய்தி பரிமாறும் முறை. 14,074 கிலோஹெர்ட்ஸ். கேட்பதற்கு ஹாம் உரிமம் வேண்டியதில்லை. ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017-இல் வெளியிட்ட முறை. இந்த டெய்லர் 1993-இல் இயற்பியல் நோபல் வாங்கியவர். விண்மீன்களிலிருந்து வரும் மெல்லிய துடிப்பைத் தேடிய மனிதர், இரைச்சலுக்குள் கிடக்கும் சிக்னலை எடுக்கும் வழியை ஹாம்களுக்கும் கொடுத்திருக்கிறார். எல்லாம் 15 நொடித் துண்டுகளாக நடப்பதால் கணினிக் கடிகாரம் ஓரிரு நொடி பிசகினாலே ஒன்றும் வராது. முதலில் நேரத்தைச் சரிபாருங்கள், அதற்குப் பிறகு ஆன்டெனாவைச் சந்தேகப்படுங்கள்.

ரேடியோ அறை, தூத்துக்குடி

நான் சரக்குக் கப்பல்களில் ரேடியோ ஆபீசராக இருந்தவன். 1999 பிப்ரவரி 1-ஆம் தேதி ஜிஎம்டிஎஸ்எஸ் என்ற, கப்பல்களுக்கான உலகளாவிய தானியங்கி ஆபத்து அழைப்பு முறை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. மோர்ஸ் சாவியும் எங்கள் பதவியும் ஒன்றாகக் கரை இறங்கின. அதன்பின் பல வருடம் ரேடியோ பக்கமே போகவில்லை. டேப்லெட்டில் இதெல்லாம் முடியும் என்று தெரிந்த பிறகுதான் திரும்பி வந்தேன்.

முதலில் தேடியது டோக்கியோ வானிலை ஃபாக்ஸ். அழைப்புக் குறி ஜேஎம்எச், 7795 கிலோஹெர்ட்ஸ். தென்சீனக் கடலில் புயல் மாதங்களில் அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் கேப்டன் பாதையைத் தீர்மானிப்பார். காகிதம் வெளியே வரும்வரை பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் அறையில், யாரும் அதிகம் பேசமாட்டோம். எஸ்எஸ்பி ரேடியோவில் 1.9 கிலோஹெர்ட்ஸ் கீழே, அதாவது 7793.1-இல் வைத்து அப்பர் சைட்பேண்ட் போட வேண்டும். கறுப்பு 1500 ஹெர்ட்ஸ், வெள்ளை 2300 ஹெர்ட்ஸ், நிமிடத்துக்கு 120 கோடு. இங்கே தூத்துக்குடியில் ராத்திரி நன்றாக இருட்டிய பிறகு வருகிறது. முதல் படம் ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தது. டேப்லெட்டின் ஒலிக் கடிகாரம் துளி பிசகியிருந்தால் இப்படித்தான் சாயும். செயலியில் சாய்வுத் திருத்தம் இருக்கிறது. அதைச் சரிசெய்ததும் சம அழுத்தக் கோடுகள் நேராக நின்றன, ஜப்பான் தீவுகள் அதனதன் இடத்துக்கு வந்தன.

ஆனால் நான் தினமும் பார்ப்பது நேவ்டெக்ஸ், கரையிலிருந்து கப்பல்களுக்கு எச்சரிக்கைகளை எழுத்தாக அனுப்பும் சேவை. இது சிற்றலை இல்லை, 518 கிலோஹெர்ட்ஸ். இருந்தாலும் இந்தத் திரியில் இதற்கு இடமுண்டு என்று நினைக்கிறேன். கப்பலில் இதற்குத் தனிக் கருவி உண்டு, சிறிய காகிதச் சுருளில் தானே அடித்துத் தள்ளும். நம் கடலுக்கு மும்பையும் சென்னையும் முன்பே இருந்தன. பிறகு முட்டம், பரங்கிப்பேட்டை உட்பட மேலும் சில கரையோர நிலையங்கள் சேர்ந்தன. ரேடியோவை 517-இல் அப்பர் சைட்பேண்டில் வைத்தால் 1000 ஹெர்ட்ஸை ஒட்டி இரண்டு சுரம் மாறி மாறிக் கேட்கும்.

அதன் அமைப்பை நினைத்தால் இன்றும் மரியாதை வருகிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஏழு துடிப்பு, நான்கு ஒரு வகை, மூன்று மறு வகை. நான்குக்கு மூன்று என்ற கணக்கு தப்பினால் எழுத்து கெட்டுவிட்டது என்று கருவிக்கே தெரியும். எழுத்து ஒவ்வொன்றும் இரண்டு முறை வருகிறது. முதலாவது கெட்டால் இரண்டாவதை எடுத்துக்கொள்ளும். இரண்டுமே கெட்டால் ஒரு நட்சத்திரக் குறி. தப்பான எழுத்தைத் தருவதைவிடத் தெரியவில்லை என்று சொல்வதே கடலில் பத்திரம்.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள். கரைக்குத் திரும்பாத ஒரு மீன்பிடிப் படகு பற்றிய செய்தி. படகின் நிறம், அதில் இருந்தவர்கள் எத்தனை பேர், கடைசியாகக் கண்ட இடம், அந்த வழியாகப் போகும் கப்பல்கள் கூர்ந்து கவனிக்கவும் என்ற வேண்டுகோள். இடத்தைச் சொல்லும் வரியில் சரியாக மின்னல் அடித்தது. அட்சரேகை வரும் இடத்தில் நட்சத்திரங்கள்தான் விழுந்தன. கரையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. ஆனாலும் விட மனம் வரவில்லை. அடுத்த முறைக்கு நான்கு மணி நேரம். காத்திருந்தேன், முழுதாக வந்தது. மன்னார் வளைகுடாவுக்குத் தெற்கே. நான் எத்தனையோ முறை கடந்த தண்ணீர்தான். மறுநாள் அந்தச் செய்தியை ரத்து செய்துவிட்டார்கள். படகு கிடைத்ததா என்று அதில் எழுதவில்லை.

கொங்குக் காது, கோவை

தூத்துக்குடி சாரின் பதிவைப் படித்துவிட்டு இதை எழுத கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் டிஆர்எம் என்ற டிஜிட்டல் ஒலிபரப்பு பற்றி யாரும் சொல்லவில்லை. ஆகாசவாணி இதில் நிறைய முதலீடு செய்தது. சாதாரண ரேடியோவில் வெறும் சீறல். கணினியில் ட்ரீம் மென்பொருளைப் போட்டால் விளக்குகள் வரிசையாக எரியும்: முதலில் எஃப்ஏசி பச்சையாகும், பிறகு எஸ்டிசி, கடைசியில் எம்எஸ்சி. எம்எஸ்சி பச்சையானால்தான் ஒலி. ஆனதும் அறை முழுக்கப் பண்பலை போலத் தெளிவு, திரையில் நிலையத்தின் பெயரும் வரும். ஆனால் சிக்னல் கொஞ்சம் சரிந்தால் பாதி வாக்கியத்தில் மௌனம். ஏஎம் மங்கினாலும் ஊகித்துக் கேட்கலாம், இது அப்படியே அறுந்துவிடும். பாட்டுக்கு டிஆர்எம் சரி. புயல் நேரத்துச் செய்திக்கு ஏஎம்-ஐ நிறுத்தவே கூடாது என்பது என் கருத்து.

புது நேயர், கடலூர்

தூத்துக்குடி ஐயாவுக்கு ஒரு கேள்வி. என் ரேடியோவில் மத்திய அலை 522-இல்தான் தொடங்குகிறது. 518 எப்படி வைப்பது? சென்னை எந்த நேரத்தில் வரும்?

ரேடியோ அறை, தூத்துக்குடி

தம்பி, லாங்வேவ் என்று தனியாக ஒரு பகுதி இருக்கிறதா பாருங்கள். சில ரேடியோக்களில் அது 519 வரை போகும். அங்கே எஸ்எஸ்பி வேலை செய்தால் போதும். இல்லையென்றால் நாகர்கோவில் நண்பர் சொன்ன டாங்கிளை ஓடிஜி வயரில் டேப்லெட்டோடு இணைத்துப் பாருங்கள். வி3 ஏறக்குறைய 500 கிலோஹெர்ட்ஸிலிருந்து எடுக்கும்.

நேரத்தை நீங்களே கணக்குப் போடலாம். நிலையத்துக்கு ஒரு எழுத்து, எழுத்துக்குப் பத்து நிமிடம், யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவில் முதல் எழுத்து தொடங்கும். சென்னைக்கு ஆங்கிலத்தில் 16-ஆவது எழுத்து. முன்னால் பதினைந்து எழுத்து, 150 நிமிடம், ஆக 02:30 யூடிசி. நம் நேரம் காலை 8 மணி. அதிலிருந்து நான்கு மணிக்கு ஒருமுறை. பகலில் கடலூருக்குச் சென்னை எட்டும், ஆனால் ராத்திரி 8 மணிக்கு முதலில் முயன்று பாருங்கள். பத்து நிமிடம் முன்பே டேப்லெட்டின் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள்.