யோம் கிப்பூர் பற்றிய கட்டுரைக்குச் சொல்லுதவி வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். கல்லூரி மாணவர்களுக்காக யூதர்களின் பாவநிவிர்த்தி நாளான யோம் கிப்பூரைப் பற்றி ஓர் அறிமுகக் கட்டுரை எழுதி வருகிறேன். எபிரேயம் அறிந்தவர்களும் யூதர்களோடு பழகியவர்களும் உதவ வேண்டுகிறேன்.

எபிரேய நாட்காட்டியின் திஷ்ரி மாதம் ஒன்பதாம் நாள் மாலை தொடங்கி ஏறத்தாழ 25 மணி நேரம் நீரும் அருந்தாமல் இருக்கும் இந்நோன்பில் குளித்தல், எண்ணெய் பூசுதல், தோல் காலணி அணிதல், தாம்பத்திய உறவு ஆகியவையும் விலக்கப்படுகின்றன. உண்ணாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்ற நிலையிலுள்ள நோயாளி உண்ண வேண்டும் என்பதும் அதே மரபின் விதிதான். என்னை மிகவும் ஈர்த்தது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் யோமா பகுதி வகுக்கும் எல்லை: இறைவனுக்கு எதிரான பிழையை இந்நாள் போக்கும், சக மனிதருக்கு இழைத்த பிழையையோ, அவரைச் சமாதானப்படுத்தும் வரை போக்காது.

நான் தடுமாறுவது சொற்களில். பிழையை உணர்ந்து திருந்துவதைக் குறிக்கும் 'தெஷுவா' என்ற எபிரேயச் சொல்லின் நேர்ப்பொருள் 'திரும்புதல்'. 'மனந்திரும்புதல்' என்று எழுதினால் கிறித்தவ வழக்கின் சாயல் மேலோங்குகிறது, 'பரிகாரம்' என்றால் சடங்கு மட்டுமே நினைவுக்கு வருகிறது. வேறு நல்ல சொல் உண்டா? லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில், மக்களின் பாவங்களைச் சுமந்து பாலைவனத்துக்கு அனுப்பப்படும் வெள்ளாட்டுக்கடாவைப் பற்றிச் சொல்லுமிடத்தில் வரும் 'அசாசேல்' என்பதைப் பழைய தமிழ் விவிலியம் 'போக்காடு' என்று பெயர்த்திருக்கிறது (அழகான சொல்). யூத உரைகாரர் சிலரோ அதைச் செங்குத்தான பாறை என்று கொள்கிறார்கள். கட்டுரையில் எதை முதன்மைப்படுத்துவது பொருத்தம்?

அரமேய மொழியில் 'கோல் நித்ரே' என்னும் தொடக்க அறிக்கை ஓதப்படும் மாலையையோ, ஷோபார் என்னும் ஆட்டுக்கடாக் கொம்பின் ஒலியோடு நோன்பு முடியும் வேளையையோ ஜெப ஆலயத்தில் நேரில் கண்டவர்கள் இருந்தால், தாங்கள் கண்டதைச் சில வரிகளில் எழுதித் தர வேண்டுகிறேன்.