ஸ்கேட்டிங் பூட்ஸில் கணுக்காலை எவ்வளவு இறுக்கலாம்?

பெட்ஃபோர்டு பூட்ஸ் கடை (குன்னூர்):

வணக்கங்க. குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் செருப்பு, பூட்ஸ் தைக்கிற கடை வச்சிருக்கேன். அப்பா காலத்துக் கடை. தேயிலைத் தோட்டத்துக்குப் போறவங்க பூட்ஸ், ஸ்கூல் ஷூ, மலை ஏறுறவங்க ஷூவுக்கு அடி மாத்துறது, இதுதான் தினப்படி வேலை.

அருவங்காட்டுல இருந்து ஒரு அப்பாவும் பொண்ணும் வந்தாங்க. பொண்ணு ஏழாவது படிக்குது, இன்லைன் ஸ்கேட்டிங் (சக்கரமெல்லாம் ஒரே வரிசையில இருக்கிறது) பழகுது. போட்டு நிக்கச் சொல்லிப் பார்த்தேன். ரெண்டு காலும் உள்பக்கம் சாயுது, வலது கால் ரொம்பவே. "கணுக்காலுக்கு மேல நாலு விரல் ஏத்தி, கெட்டித் தோல் வச்சு அசையாம தைச்சுக் குடுங்க"ன்னு அப்பா சொல்றாரு. பொண்ணுக்கு அது பிடிக்கல. 2025-ல சீனாவுல 1000 மீட்டர் உலகப் பட்டம் வாங்கின சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் போடுற மாதிரி, கணு வெளிய தெரியுற பூட்ஸ்தான் வேணுமாம்.

அப்பா சொல்ற மாதிரி தைச்சா பிள்ளையால முட்டியை முன்னால மடக்க முடியாது. நெட்டுக்குத்தலா நின்னு பின்னால விழும். பொண்ணு கேக்குற மாதிரி தைச்சா கால் பிசகிடுமோன்னு பயம். அடித்தோலை உள்ள வச்சா ஐப்பசி மழையில ஈரம் குடிச்சுத் தொளதொளன்னு ஆயிடுது. எந்த இடத்துல கெட்டி, எந்த இடத்துல இளக்கம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கேத்தி அம்மா:

என் பையனுக்கு பக்கிள் வச்ச பிளாஸ்டிக் பூட்ஸ் வாங்கினோம். கணுகிட்ட ரெண்டு பக்கமும் ரிவெட் இருக்கு, மேல்பாகம் முன்னால பின்னால மட்டும் ஆடும், பக்கவாட்டுல ஆடாது. பழகுற பிள்ளைக்கு அது போதும்ங்க.

கோத்தகிரி பிரேஸ்காரன்:

அண்ணே, எனக்குச் சொந்த ஊர் கோத்தகிரி, கோவையில வேலை. மூளை முடக்குவாதம் இருக்கிற பிள்ளைங்களுக்குக் கால் பிரேஸ் செய்யுறேன். உங்க கேள்வி எங்க பட்டறையில தினமும் வர்ற கேள்வி.

கணுக்கால்னு நாம சொல்ற இடத்துல மூட்டு ரெண்டு இருக்கு. மேல் மூட்டு, துருத்திக்கிட்டு நிக்கிற ரெண்டு கணு எலும்புக்கும் நடுவுல. பாதத்தைத் தூக்குறதும் அமுக்குறதும் அது. அதுக்குக் கீழ, குதிகால் எலும்புக்கு மேல இன்னொண்ணு. பாதம் உள்ளயும் வெளியயும் சாயுறது பெரும்பாலும் அதுல. அந்தப் பொண்ணுக்குச் சாயுறது கீழ் மூட்டு. அவங்க அப்பா கட்டச் சொல்றது மேல் மூட்டை. நாலு விரல் ஏத்தினாலும் குதிகால் உள்ள லூஸா கிடந்தா பூட்ஸ் நேரா நிக்கும், உள்ள கால் சாய்ஞ்சுதான் இருக்கும்.

ஸ்பீடு ஸ்கேட்டர்களோட பூட்ஸ் அவ்வளவு தாழ இருந்தும் தாங்குறதுக்குக் காரணம் இதுதான். கார்பன் ஃபைபர் ஓடு குதிகாலையும் நடுப்பாதத்தையும் கவ்விக்குது. பல பூட்ஸை ஓவன் அடுப்புல சூடு காட்டி அவங்கவங்க காலுக்குப் படிய வைக்கிறாங்க. கூடவே வருஷக்கணக்கா உரம் ஏறின கால். ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு அது இன்னும் வரல, அதனால நடுவுல ஒரு வழி பாருங்க.

எங்க வேலையில 3 மில்லிமீட்டர் பாலிப்ரொப்பிலீன் ஷீட் எடுப்போம். அதே ஷீட்தான், அதே தடிமன்தான். ஓரத்தை கணு எலும்புக்குப் பின்னால வெட்டினா பிரேஸ் நடக்கும்போது முன்னால வளைஞ்சு குடுக்கும். எலும்புக்கு முன்னால வரைக்கும் விட்டா அசையவே அசையாது. உங்க கவுண்டருக்கும், அதான் பூட்ஸ்ல குதிகாலைச் சுத்தி உள்ள வைக்கிற கெட்டித் துண்டுக்கும், இதே கணக்கு. குதிகாலைக் கிண்ணமா சுத்திப் பிடிங்க, உள்பக்கம் மட்டும் பாத வளைவு வரைக்கும் நீட்டுங்க, ரெண்டு பக்கமும் மேல ஏறட்டும், ஆனா முன் ஓரம் எலும்புக்குப் பின்னாலயே நின்னுடணும். பின்னால குதிநரம்பு இருக்கிற இடத்துல ஒரு பள்ளம் வெட்டுங்க. கணுவுக்கு மேல ஒரு ரெண்டு விரல் மெல்லிய தோலும் ஃபோமும் போதும். அப்பாவுக்கும் மனசு ஆறும்.

இன்னொண்ணு. உள்கணுவும் வெளிக்கணுவும் ஒரே மட்டத்துல இல்ல. வெளிக்கணு தாழவும் பின்னாலயும் இருக்கும். பிள்ளையை நிக்க வச்சுப் பேனாவால குறிங்க, ரெண்டு பக்கத்துக்கும் ஒரே பேட்டர்ன் வெட்டிடாதீங்க.

கணு அசையிறதைப் பலவீனம்னு நினைக்கிறவங்க நிறைய. 1998 நகானோ ஒலிம்பிக்ல ஐஸ் ஸ்பீடு ஸ்கேட்டிங் சாதனைகள் வரிசையா உடைஞ்சுதே, அப்ப கிட்டத்தட்ட எல்லார் கால்லயும் டச்சுக்காரங்க கொண்டுவந்த கிளாப் ஸ்கேட். தள்ளும்போது பிளேடு குதிகால் பக்கம் பூட்ஸை விட்டு விலகும், கணு முழுசா நீண்டு தள்ளும். கணுவை விடுவிச்சதுலதான் வேகம் வந்துச்சு. நான் இந்தத் தொழிலுக்கு வந்ததுக்கு அந்த மாதிரி விஷயங்கள் மேல இருந்த ஆசையும் ஒரு காரணம்.

ஈரத்துக்கு: நம்ம மலையில நிக்கிற சீகை (வாட்டில்) மரத்துப் பட்டையில பதப்படுத்தின அடித்தோல் நல்ல கெட்டிதான், ஆனா தண்ணி பட்டா இளகும். ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிங்க போடுற தெர்மோபிளாஸ்டிக் கவுண்டர் ஷீட் வாங்குங்க. சூடு காத்து அடிக்கிற ஹாட் கன்னுல இளக்கி, பூட்ஸ் தைக்கிற கால் அச்சுக் கட்டை மேல அழுத்தி, முழுசா ஆறுற வரைக்கும் கையை எடுக்காதீங்க.

பி.டி. வாத்தியார்:

பூட்ஸ் ஒரு பக்கம் இருக்கட்டும். தினமும் பல் தேய்க்கும்போது வெறுங்காலோட ஒத்தைக்கால்ல நிக்கச் சொல்லுங்க. குன்னூர் ரோட்டு இறக்கத்துல மட்டும் விடவே விடாதீங்க, கூடைப்பந்து கோர்ட் மாதிரி மட்டமான இடம் போதும்.

பெட்ஃபோர்டு பூட்ஸ் கடை (குன்னூர்):

தம்பி, நீங்க சொன்னதும் மறுபடி வரச் சொல்லிப் பார்த்தேன். வளர்ற பிள்ளைன்னு ரெண்டு சைஸ் பெருசா வாங்கிருக்காங்க. காலைத் தூக்கினா குதிகால் உள்ள ஒரு விரல் மேல எழும்புது. உள்ள ஏதாச்சும் திணிச்சுச் சரி பண்ணலாமா? கயிறு கட்டுற இடத்துல முன்னால சிவந்தும் இருக்கு.

கோத்தகிரி பிரேஸ்காரன்:

திணிக்காதீங்க அண்ணே. குதிகால் இன்னும் மேல ஏறி, கவுண்டரோட பிடியை விட்டு வெளிய வந்துடும். அளவான கட்டையில புதுசாவே தைங்க. வளர்ற இடம் விரல் முனையில கொஞ்சம் இருந்தா போதும், முட்டியை மடக்கினதும் கால் பின்னால போய் உக்காரும்.

முன்னால சிவக்குறது, குதிகால் எழும்புதேன்னு கயிறை உயிர் போக இறுக்குறதால. கயிறுக்கு அடியில வர்ற பூட்ஸ் நாக்குக்குள்ள ஃபோம் தடிமனா வைங்க. பாதம் மடியிற இடத்துல இருக்கிற ஐலெட்டை (கயிறு கோக்குற ஓட்டை) நல்லா இறுக்கி, மேல கடைசி ரெண்டை லூஸா விடச் சொல்லுங்க. சக்கரச் சட்டத்தைப் பக்கவாட்டுல நகர்த்த முடியுற மாடலா இருந்தா, உள்பக்கமா கொஞ்சம் தள்ளிப் பூட்டுங்க. சாய்ற பக்கம் அடியில தாங்கல் வரும்.

தைச்சு முடிச்சு முதல் நாள் கொஞ்ச நேரம் ஓட விட்டு, சாக்ஸைக் கழட்டிப் பாருங்க. சிவப்பு அரை மணி நேரத்துக்குள்ள மறைஞ்சா கவலை இல்ல. மறையலைன்னா அந்த இடத்தைச் சூடு காட்டி வெளிய தள்ளிவிடுங்க.